மூன்று கிலோ அரிசிப் பை

திண்டுக்கல்,
ஆகஸ்ட் 24

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப்பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சுகம், இந்தத் தடவை ஒப்புக்குச் சொல்லவில்லை. எழுத்து கோணலாயிருந்தால் கைவலி என்று பதறாதே, கண்ணாடி மாற்ற வேண்டும்.

மே மாதம் நீ போனில், டப்ளினுக்குப் பிரசவம் பார்க்க மாமியாரை வரச் சொல்லவா என்று கேட்டபோது சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். மார்பில் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் கரண்டு வைத்தது எல்லாம் முடிந்து எட்டு மாதமாகியும் என் வலது கை தோளுக்கு மேலே போகவில்லை, பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு கை போதுமா. தப்பு எங்கள் மேல்தான். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை, அந்தக் கையால் எதுவுமே செய்யக்கூடாது என்று உங்கப்பா எடுத்துக்கொண்டார். விளக்குமாற்றைத் தொட்டால் "ஏய், வையி அத" என்று ஓடி வருவார், சொம்பைக்கூடத் தூக்க விடமாட்டார். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது, அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீ போன் செய்த வாரமே கோயில் வாசல் மாதா கெபியில் எல்லோரும் முழங்காலிட்டுக் கை விரித்து ஜெபமாலை சொன்னபோது என் இடது கை மட்டும்தான் விரிந்தது. வெட்கமாய்ப் போய்விட்டது.

டாக்டரிடம் சொன்னதும் பிசியோதெரபி பார்க்கும் ரோசலினிடம் அனுப்பினார். சின்னப் பெண்தான், ஆனால் "ஏன் சார், இப்படிப் பொத்திப் பொத்தி வச்சா கை எப்பிடி வரும்" என்று அப்பாவையே கேட்டுவிட்டாள். முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராகப் பிள்ளைகளைத் திட்டிய மனுஷன் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கைகட்டி நின்றார், எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அன்றிலிருந்து விரலால் சுவரில் ஏறுவது, தோளைச் சுழற்றுவது, அரைமணி நேரம் நடை. முதல் வாரம் வலியில் விட்டுவிடலாம் என்றிருந்தேன். எனக்கு வந்த வியாதியே வந்து தேறிய ஆத்தூர் சண்முகவள்ளியும் அங்கே வருகிறாள், பூந்தோட்டத்துக்காரி. "அம்புட்டுப் பெரிய நோயவே வெரட்டிட்டோம், இந்த வலிக்கா பயப்படுறீக, வாங்கக்கா" என்று இழுத்துக்கொண்டு போனாள். விரல் எட்டும் இடத்திலெல்லாம் அப்பா பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறார், சுவர் பாழாகிறது என்று நான்தான் சத்தம் போடுகிறேன்.

பிறகு துணிப்பையில் அரைக் கிலோ அரிசி போட்டுத் தூக்கச் சொன்னாள் ரோசலின். கை வீங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினாள். நேற்று மூன்று கிலோ. மார்போடு அணைத்துக்கொண்டு பத்து நிமிஷம் வீட்டுக்குள் நடந்தேன். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "என்னடி, அரிசிக்குத் தாலாட்டுப் பாடுற" என்றார். அவர் கேட்ட பிறகுதான் நான் பாடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரிந்தது.

டாக்டரும் பயணத்துக்குச் சரி என்றுவிட்டார். மாமியாரிடம் மனம் நோகாமல் சொல்லு, அவர்கள் ஞானஸ்நானத்துக்கு வரட்டும், பிரசவத்துக்கு நான் வாரேன். விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டுமென்று அப்பாவுக்கு அனுப்பு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. யார் சொன்னாலும் உட்கார்ந்தே கிடக்காதே, நட. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
இஞ்ஞாசியம்மாள்