பில்லிக்காடு

பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தேயிலைத் தோட்டத்தில் உன் லய வீட்டு வரிசைக்கு ஏறி வந்தேன். பலகை நட்டிருக்கிறார்கள், வந்து பாருங்கள் அத்தை என்று உன் மகள் போன் செய்திருந்தாள். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், இரண்டு இரும்புக் கால்களில் பச்சைப் பலகை நின்றது. கிட்டப் போனதும் பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியது. மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். நான் தமிழைத்தான் முதலில் படித்தேன்.

'பில்லிக்காடு நீரூற்றுப் பாதுகாப்புப் பிரதேசம். மரம் வெட்டுவது தடை.'

நம் தண்ணீர்ப் பீலியை வைத்துப் பீலிக்காடு என்றுகூட இல்லையடி. பில்லிக்காடு. பில்லி சூனியம் என்கிறோமே, அந்தப் பில்லி. சிங்களத்திலும் அதேதான் எழுதியிருக்கிறது. நான் அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். உன் மகள் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

அரசாங்கப் பலகைகளில் தமிழ் படும் பாடு நமக்குப் புதிதில்லை. பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவற்றை எழுத்துக்கூட்டி வாசித்து நாம் எத்தனை முறை சிரித்திருக்கிறோம். ஆனால் இந்தப் பிழையை அவர்கள் தலையில் கட்ட முடியாது. இது உன் வாயிலிருந்து வந்த பிழை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் இருவரும் கொட்டகலையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் பஜாரில் அப்பாவின் சில்லறைக் கடைக்குப் போனேன், நீ கூடையை எடுத்துக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாய். அதற்குப் பிறகும் நீ சாமான் வாங்க வந்தால் மற்றவர்களைப் போல வாசலில் நின்று கேட்க மாட்டாய். நேராக உள்ளே வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாய். என்னைக் 'கடைக்காரி' என்று கூப்பிடுவாய். எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்காது. எனக்கு மிகவும் பிடிக்கும். அதை உன்னிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை, சொன்னால் தலைமேல் ஏறிவிடுவாய்.

அப்படித்தான் ஒரு நாள் மூட்டைமேல் வந்து உட்கார்ந்து, காட்டைக் கொடுக்கப் போகிறார்களாம் என்றாய். உங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் அந்தக் காட்டுத் துண்டை வெட்டிவிட்டு, வெளிநாட்டு ஆட்கள் தங்குவதற்குக் குட்டி பங்களாக்கள் கட்டப் போகிறார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து மரங்களுக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் காட்டின் அடியில் ஊறி, குழாய் வழியாகக் கருங்கல் தொட்டியில் விழுகிற பீலியில்தான் உங்கள் லயம் குளித்தது, குடித்தது, துணி துவைத்தது. பங்குனி வெயிலில் பஜார்க் குழாய்கள் காற்றை ஊதும்போதும் அது மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். மேலே மரம் போனால் கீழே தண்ணீர் போகும். அதைச் சொல்ல உனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை, எனக்கும்தான்.

மாகாணத்துக்குக் காணிப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று தயாராகிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று பேப்பரில் ஓர் அறிவித்தல் வந்திருந்தது. நான்தான் அதைப் பார்த்தேன். பிரதேச செயலகத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் நான்தான். அந்த இடத்துக்கு 'பயன்படுத்தப்படாத நிலம்' என்று நிறம் தீட்டியிருந்தார்கள். நான் வந்து அதை உன்னிடம் சொன்னேன்.

"யாருக்கும் பயன்படாத நெலமா? அப்ப அந்தத் தண்ணியக் குடிக்கிற நாங்க யாரு?" என்றாய்.

எங்கள் கடையிலிருந்துதான் தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவுக்குச் சாமான் போய்க்கொண்டிருந்தது. தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கேன் இந்த வேலை என்று முணுமுணுத்தான். அது உன் காதில் விழுந்துவிட்டது. தொரை சீனி வாங்காவிட்டால் கடை மூடிவிடுமா என்று அவனையே கேட்டாய். அன்றைக்கே நான் மனு எழுதப் பேனாவை எடுத்தேன்.

நீ கையெழுத்து வாங்கிய விதத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிப்பதற்கு முன்னால், தாளை நீட்டுவாய். கையெழுத்துப் போடாதவர்களை நீ மிரட்டவெல்லாம் இல்லை. சாயந்தரம் பீலியில் அவர்களுக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டு, நிறைந்த பிறகும் எடுக்காமல் ஊர்க்கதை பேசுவாய். மறுநாள் அவர்களே தாளைத் தேடி வருவார்கள். உன்னைப் பற்றி இப்போது மேடையில் பேசுகிறவர்கள் பொறுமைசாலி என்கிறார்கள். நீயா பொறுமைசாலி? வாயாடி, பிடிவாதக்காரி. எவ்வளவு அடம் என்று எனக்கல்லவா தெரியும்.

அதே தண்ணீர் ஓடையாகிக் கீழே இறங்கிச் சிங்களக் கிராமத்துத் தோட்டங்களுக்குப் போகிறது. அவர்களையும் சேர்க்கலாம் என்ற யோசனை உன்னுடையது. சிங்களம் பேச என்னைக் கூட்டிப் போயிருக்கலாம். கடையில் பேசிப் பேசி எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு. நீ தனியாகப் போனாய். மெனிக்கே என்கிற அம்மாவோடு முற்றத்தில் உட்கார்ந்து, அரைச் சிங்களத்திலும் கைச்சாடையிலும் பேசிவிட்டு, அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தாய். முகமெல்லாம் வியர்வை.

"அவங்களும் பீலின்னுதாண்டி சொல்றாங்க. ஒண்ணுன்னா பீல்ல, நெறைய இருந்தா பீலி. நம்ம வார்த்தைதான், கடைக்காரி."

நம் வார்த்தையா அவர்கள் வார்த்தையா என்று நான் வாதாடப் பார்த்தேன். நீ கேட்கவில்லை. அன்று முழுவதும் உனக்கு அதே சந்தோஷம்தான்.

பிறகு கண்டிக்குப் போனோம். மாகாண அலுவலகத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம். நீ மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாய், ரயில் பெட்டி முழுக்கப் பூச்சி உருண்டை வாசம். நான்தான் பேசுவது என்று முடிவாகியிருந்தது. இருந்தாலும் யாராவது உன்னைக் கேட்டால் சொல்ல ஒரு வசனம் இருக்கட்டும் என்று வழியெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். தமிழில் பீலி, சிங்களத்தில் பீல்ல, மறந்துவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மெனிக்கே அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

நம் முறை வந்தது. நான் தாளை எடுத்துத் தொண்டையைச் செருமுவதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"சேர், அப்பே பில்லி வஹண்ட எப்பா."

பீலியையும் பீல்லவையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்துவிட்டாய். எங்கள் பீலியை மூடிவிடாதீர்கள் என்று நீ சொன்னதாக உனக்கு நினைப்பு. சிங்களத்திலும் பில்லி என்றால் சூனியம்தான், எங்கள் பில்லி சூனியத்தை மூடிவிடாதீர்கள் என்று அவர்கள் காதில் விழுந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார். யாருடைய பில்லி, யார் மூடுகிறார்கள் என்று கேட்டார். அவர் அக்கறையாகக் கேட்கிறார் என்று உனக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. ரொம்ப நல்ல பில்லி, ஊரே குடிக்கிறோம் என்று மேலும் சொன்னாய்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெனிக்கே அம்மாதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பீல்ல சேர், பீல்ல என்றாள். மண்டபமே சிரித்தது. நீயும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும் அந்த அதிகாரி என்னைத் தாளைப் படிக்கச் சொன்னார். அதுவரை வந்தவர்களிடமெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொன்ன மனுஷன், நம்முடையதை மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை கேட்டார். நானே வந்து அந்தப் பில்லியைப் பார்க்கிறேன் என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில்தான் நீ சொன்னது என்னவென்று உனக்குச் சொன்னேன். நாவலப்பிட்டி தாண்டும்வரை நீ சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே வந்தாய். வெட்கப்படுகிறாய் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன்.

"சரியாத்தானேடி சொல்லியிருக்கேன். மூடிப் பாக்கட்டும், பில்லி வச்சிர்றேன்" என்றாய்.

அந்த அதிகாரி சொன்னபடியே வந்தார். நல்ல மழை. அவர் கால் இரண்டிலும் அட்டை ஏற, நீ துணி துவைக்கிற சவர்க்காரத்தைத் தேய்த்து விட்டாய். பீலியில் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார். பிறகு மெனிக்கே அம்மா பிடித்த குடைக்குக் கீழே வரைபடத்தை விரித்து, இந்தக் காட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். நாம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உங்கள் லயத்தில் அது வெறும் மேல்காடு. கிராமத்தில் வெறும் முகலான, அதற்கும் காடு என்றுதான் அர்த்தம். பெயர் வைக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? அவர் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நாம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அது தெரிந்தது.

அந்த மழைக் காலத்தில்தான் உனக்கு இருமல் பிடித்தது. சளி என்றாய், கசாயம் குடித்தாய், கொழுந்துக்குப் போனாய். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தபோது நுரையீரல் பாதி போய்விட்டது என்றார்கள். நான் வரும்போதெல்லாம் நீ கேட்டது ஒன்றுதான், பதில் வந்துவிட்டதா என்று. வரவில்லை என்றேன். வந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லத் தோன்றியதுதான். ஆனால் நீ தாளைக் காட்டு என்பாய்.

பீலித் தண்ணீர் வேண்டும் என்றாய். சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய்.

"கொழாயில பாசி புடிச்சிருக்கு. நல்லாத் தேச்சுக் கழுவச் சொல்லு."

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். உருக்கமாக ஏதாவது சொல்லியிருக்கலாம், நாற்பது வருஷ சிநேகிதி நான். பாசியைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டாய். யாரிடம் சொல்லிக் கழுவ வைப்பது? மாதத்துக்கு ஒரு முறை நானே தேங்காய்த் தும்போடு ஏறி வந்து குழாயைத் தேய்க்கிறேன். உன் லயத்துப் பெண்கள் பஜார் அம்மாவுக்கு இது தேவையா என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உன் கருமாதி முடிந்து சில வாரத்தில் பதில் கடை முகவரிக்கு வந்தது. காட்டைக் கொடுக்கவில்லை. நீரூற்றுக்காக ஒதுக்கிவிட்டார்கள். கடையில் நின்றபடியே படித்தேன். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போனான். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. அத்தனை அடம்பிடித்தவள் இன்னும் இரண்டு மாதம் அடம்பிடித்திருக்கக் கூடாதா? அன்று பீலிக்கு வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, ஜெயித்துவிட்டோமடி என்று சத்தமாகவே சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

இப்போது பலகை. உங்கள் லயத்துப் பிள்ளைகள் பெயரைத் திருத்தியே ஆகவேண்டும் என்று நிற்கிறார்கள். நம் பீலிக்குச் சூனியப் பெயரா என்று அவர்களுக்கு ரோசம். ரோசம் நியாயம்தான். அலுவலகத்துக்கு நானே எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன். மறுநாள் கடையில் தாளும் எடுத்து வைத்தேன். அந்தத் தாளில்தான் இதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று நடந்ததைக் கேள், பெயரைத் திருத்த ஏன் எழுதவில்லை என்று உனக்கே புரியும்.

நேற்று மத்தியானம் ஒரு சின்ன லொறி கடை வாசலில் நின்றது. பின்னால் கயிறும் மரம் அறுக்கிற மெஷினும் கிடந்தன. வெளியூர் ஆட்கள் இருவர் இறங்கி வந்து பாணும் வாழைப்பழமும் வாங்கினார்கள். ஒருவன் பழத்தை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மேலே ஒரு பலகை இருக்கிறதே, அந்தக் காட்டில் நிஜமாகவே பில்லி இருக்கிறதா அக்கா என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்.

தம்பி வாயைத் திறக்கப் போனான். நான் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஜாரிலேயே நல்ல சிங்களம் என்று நீ கேலி செய்வாயே, அந்தச் சிங்களத்தில் நிதானமாகப் பதில் சொன்னேன். இருக்கிறது என்றேன். பெண் என்றேன். உயிரோடு இருந்தபோதே பொல்லாதவள், மரத்தில் கை வைத்தால் விடமாட்டாள் என்றேன்.

அவர்கள் லொறியைத் திருப்பும்போது பின்னாலேயே போய் இன்னொன்றும் சொன்னேன். தண்ணீர் குடிக்க வருகிறவர்களை அவள் ஒன்றும் செய்ய மாட்டாள், தாகமாக இருந்தால் பயப்படாமல் போய்க் குடியுங்கள் என்றேன்.