செம்புத் தகட்டின் மேல்பரப்பில் எத்தனை அணு

அன்னாபா,
ஜூலை 28

என் கண்ணே நஜாத்,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பச்சைப்பிள்ளைக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும், இங்கே வெக்கையில் வெந்துகொண்டிருந்தாலும் உன் வாப்பாவும் நானும் வேறு குறையில்லாமல் இருக்கிறோம். பிள்ளையின் படம் வந்தது, மூக்கு அப்படியே உன் வாப்பா மூக்கு, தெரு முழுக்கக் காட்டிவிட்டார். மத்தி மலிந்துவிட்டதால் தினமும் மத்திதான்.

நீ போனில் சொன்னதை யோசித்தேன் மகளே. பரீட்சையில ரெண்டாவது தடவையும் தவறிட்டீங்க, போதும்மா, லியோனுக்கு எங்ககிட்ட வந்து பிள்ளையைப் பாத்துக்கங்க என்றாய், செப்டம்பருக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டாய். உன் மாமி தாவூஸும் அதையேதான் சொல்கிறாள், முடி நரைச்சவளுக்கு எதுக்குடி பள்ளிக்கூடப் பரீட்சை என்று. பரீட்சைக்கூட வாசலில்கூடக் காவலர் ஒருவர், பிள்ளைங்களோட வந்தவங்க வெளியில நிக்கணும்மா என்றார், அனுமதிச்சீட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு உள்ளே போனேன். அங்கே நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லு.

ஒரு சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள செம்புத் தகடு, அதன் மேல்பரப்பில் ஏறக்குறைய எத்தனை அணு என்று கேள்வி. போன வருஷம் இதே மாதிரி ஒன்றைக் கண்டு பயந்து வெறுந்தாளாக விட்டேன். இந்தத் தடவையும் சூத்திரம் நினைவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். அடர்த்தி கொடுத்திருந்தார்கள், அதை வைத்து ஒரு கன சென்டிமீட்டர் செம்பின் எடையைப் பிடித்தேன், எடையிலிருந்து அணுக்களைக் கணக்கிட்டேன், எண்பத்தைந்து கோடி கோடி கோடி வந்தது. அதையே விடையாக எழுதிவிட்டு நிமிர்ந்தால் மனசு உறுத்தியது, அது கட்டி முழுவதும் இருப்பது, மேலே தெரிவது மட்டும் அல்லவே. அந்த விடையை அடித்தேன். பெட்டியில் அடுக்கிய சர்க்கரைக்கட்டி போல அணுக்களை நினைத்துக்கொண்டேன். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரே எண்ணிக்கை, மூன்றையும் பெருக்கினால் மொத்தம். அப்படியானால் ஒரு விளிம்பில் நாலு கோடியே நாற்பது லட்சம், அதை அதனாலேயே பெருக்கினால் ஒரு முகம், ஏறக்குறைய ரெண்டாயிரம் லட்சம் கோடி! மணி அடித்துவிட்டது, ஆனால் யாரும் சொல்லித்தராமல் நானே போய்ச் சேர்ந்த இடம் அது. அந்தச் சந்தோஷத்தை என் ஆயுசில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

இயற்பியலில் இருபதுக்குப் பதினாறு. காலை வாரியது தத்துவம், மொத்தச் சராசரியில் அரை மார்க் குறைந்துபோனது. நீயும் தாவூஸும் தினம் பேசுறதை எழுதியிருந்தா தத்துவத்துல பாஸாகியிருப்பே என்கிறார் உன் வாப்பா. கேலி செய்தாலும் அடுப்படியை இப்போது அவர்தான் பார்க்கிறார், நேற்று சோறு அடிப்பிடித்தது, கருகியதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன்.

பேத்தியை வாரி எடுக்க எனக்கு ஆசையில்லை என்று நினைக்காதே. படத்தைப் பார்த்துப் பார்த்து அழுகிறேன். ஆனாலும் செப்டம்பரில் வரமாட்டேன். அடுத்த ஜூனில் பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்பி வருகிறேன், அப்போது அவள் நடந்து வந்து கதவைத் திறக்கட்டும். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு, வீட்டு வேலையில் பாதியை மாப்பிள்ளையிடம் தள்ளு.

உன் மடியும் மனசும் என்றும் நிறைந்திருக்க துஆ செய்கிறேன். இந்த வாரமே டிக்கெட்டை ரத்து செய்துவிடு, மறக்காதே.

மூன்றாம் தடவை பரீட்சை எழுதப்போகும்
உன் உம்மா,
ஹூரிய்யா