ஒரே மெயில் ஐடி

வெள்ளி, தை 18. திண்டிவனம்.

என் தையல் கடையில், வாடிக்கைப் பெண்கள் முன்னால், வீட்டுக்காரரை அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

பனமலைப் பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டை வெட்டலாம் என்று போனைத் திறந்தேன். அளவு எழுதிய தாளைப் பிடித்து வைத்த படம், கழுத்து டிசைன், எதுவும் இல்லை. மற்றவர்களுடையதும் காணோம். சாப்பாடு கொண்டுவந்த இவர் சொன்னார்: "என் போன்ல எடமே இல்ல. பாத்தா பூரா உன் ஜாக்கெட்டு போட்டோ. அழிச்சிட்டேன். குப்பையில கெடந்ததையும் காலி பண்ணிட்டேன்."

எங்கள் இரண்டு போனுக்கும் ஒரே மெயில் ஐடி. தனித்தனி பாஸ்வேர்டு எதற்கு, ஒன்றே போதும் என்று சொன்னது நான்தான். பொம்மையார்பாளையத்துக் கடலில் என் போன் விழுந்தபோது, புதுப் போனில் எல்லாப் படங்களும் தானாக வந்து நின்றன. அந்த மெயில் ஐடியில் படங்களைச் சேமித்து வைத்திருந்த கிளவுடை அன்றைக்குக் கும்பிடாத குறை. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் போய்விடும் என்பது இருவருக்குமே தெரியாது.

"மூளை இருக்கா உனக்கு?" என்றேன், ஒருமையில். இவர் டிபன் கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் பாப்பாவின் பள்ளி ஆண்டுவிழா. இவர் விழுப்புரத்து வேலைக்கு லீவு போட்டிருந்தார், விழாவுக்குப் போனார். நான் போகாமல் தைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் போனில் ஒரு வீடியோ தானாக வந்திருக்கிறது. மேடைக்குப் பின்னால் பாப்பா அழுகிறாள். இவர் குரல் மட்டும் கேட்கிறது: "அழுவாத பாப்பா. அம்மா பாக்கணும்னுதான் போன்ல எடம் பண்ணி எடுத்துக்கினு இருக்கேன்."