வேகம் என்று சொல்லிக் கெடுத்தேன், ஸ்டெல்லா

என் சண்டைக்காரி ஸ்டெல்லாவுக்கு,

கல்லறைக்கே வந்து பேசலாம் என்றுதான் பார்த்தேன். மயூர் விஹாரில் மெட்ரோ ஏறி, இறங்கி, ஆட்டோக்காரனோடு மல்லுக்கட்டி வந்து சேர்வதற்குள் அழுகையெல்லாம் வற்றிப்போகும். அதனால் எழுதுகிறேன்.

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஒன்பதாம் வகுப்பு பிசிக்ஸை என் தலையில் கட்டிவிட்டார்கள். தவளையும் செம்பருத்தியுமாக இருபது வருஷம் ஓட்டின பயாலஜி டீச்சர் தலையில். உன் மகள் ஜெனி பதினொன்றில் காமர்ஸ் எடுத்துவிட்டாள். பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தாலே அம்மா ஞாபகம் வருதாம். நான் என்னத்தைச் சொல்ல?

நேற்று இயக்கம் பாடத்தின் பேப்பர் திருத்தினேன். ஸ்பீடு என்றால் என்ன, வெலாசிட்டி என்றால் என்ன என்று கேட்டிருந்தேன். முக்கால்வாசி வகுப்பு இரண்டையும் மாற்றி எழுதி வைத்திருக்கிறது. காப்பி அடித்திருக்கிறார்கள் என்று முதலில் கொதித்தேன். ஆனால் காப்பி என்றால் வரிக்கு வரி ஒன்றாக இருக்குமே. இங்கே தப்பு மட்டும்தான் ஒன்று.

இன்று காலை ரேவதியைக் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்பில் கேள்வி கேட்டே உன் உயிரை வாங்குவாளே, அவள்தான். “நீங்க ஸ்பீடுன்னா வேகம்னு சொன்னீங்க மேம். டியூஷன் எடுக்கிற ஹிந்திக்கார பையா வெலாசிட்டின்னா ‘வேக்’னு சொன்னாரு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைச்சுட்டோம்” என்றாள்.

தூக்கிவாரிப்போட்டது. ஹிந்தியில் வேக் என்றால் வெலாசிட்டிதான். நமக்கு அது திசைவேகம். வெறும் வேகம் ஸ்பீடு. பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று தமிழில் சொன்னேன், அதுவே வினையாகிவிட்டது. அந்த டியூஷன் அண்ணன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் காதில் இன்னொரு மொழியும் ஓடுகிறது என்பதை மறந்தேன் பார், அது என் தப்பு.

நீ மறந்ததே இல்லை. புதுப் பாடம் ஆரம்பித்தால் போர்டில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, உங்க வீட்ல இதை என்னன்னு சொல்லுவாங்க, தெருவுல என்னன்னு சொல்லுவாங்க என்று அரை பீரியட் கேட்டுக்கொண்டிருப்பாய். பாடம் நடத்தச் சொன்னால் பட்டிமன்றம் நடத்துகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் உன்னை நக்கலடித்தது நான்தான். நீ சிரித்துக்கொண்டே டிபன் டப்பாவைத் திறப்பாய். அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, சொல்லி, நான்தான் காதில் வாங்கவில்லையா?

திங்கட்கிழமை மறுதேர்வு. அதிலும் இப்படியே வந்தால் லேப் பீரியடை நிறுத்தி, சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு, கேள்வி பதில் சொல்லி எழுத வைத்துவிடுங்கள், மார்க்காவது வரும் என்று பிரின்ஸிபல் பொறுமையாகத்தான் சொன்னார். உன் லேப் சாவி என் பர்ஸில் கிடக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் சுலபம். உன் சரிவுப் பலகையில் நான் உருட்டினால் குண்டு நேரே பீரோவுக்கு அடியில்தான் போய் நிற்கிறது. பயமாயிருக்கிறது, ஸ்டெல்லா. நீ பத்து வருஷம் கட்டினதை ஒரே டெர்மில் குட்டிச்சுவர் ஆக்கிவிடுவேனோ என்று.

போகும்போது ரேவதி வாசலில் நின்று இன்னொன்று கேட்டாள். “கிரவுண்டைச் சுத்திட்டு அதே இடத்துக்கு வந்தா இடப்பெயர்ச்சி பூஜ்யம்னு போட்டிருக்கு. அப்ப நடந்ததெல்லாம் வீணா மேம்?”

பெல் அடிச்சாச்சு, போ என்று விரட்டிவிட்டேன். பிறகு உன் லேபில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். ஏழு மாசமாக நானும் சுற்றிச் சுற்றி, ஆரம்பித்த இடத்தில்தானே நிற்கிறேன்.

நாளை முதல் பீரியட் போர்டில் வேகம் என்று எழுதி, பக்கத்தில் வேக் என்றும் எழுதுவேன். தப்பு என்னுடையது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். உங்க வீட்ல என்ன சொல்லுவாங்க என்று ஒவ்வொருத்தரையும் கேட்பேன். பட்டிமன்றம்தான், போ. அப்புறம் எல்லாரையும் ஸ்கூல் கேட்டிலிருந்து கிரவுண்டைச் சுற்றி நடக்க வைத்து, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவேன். நானும் கூட நடப்பேன். இடப்பெயர்ச்சி பூஜ்யம்தான், ஆனால் கால் வலிக்குதில்ல, அதுதான் நடந்த தூரம், அது எங்கேயும் போகாது என்று ரேவதிக்குச் சொல்வேன்.

திங்கட்கிழமை என்ன ஆனாலும் சாவியை நானாகக் கொடுக்க மாட்டேன். இது சத்தியம். ரொம்ப வலிக்குது, ஸ்டெல்லா.

உன் ஜெனிக்குச் சித்தி,
விஜயா