கறுத்த படலம்

நாள் 212, காலை 7.10
நிலவின் தென்முனை நிலையம். தனியாள் பணி. எழுதுவது பொன்னுரங்கம், வயது அறுபத்தெட்டு. பட்டம் கிடையாது, லேசரைப் பிரித்துப் பிரித்துக் கற்றவன். இன்று லேசரில் ஆறாயிரம் துடிப்பு. டைட்டானியம் ஆக்சைடு வில்லையை லேசர் அடிக்க, எழும் ஆவி எதிரே சூடான கண்ணாடியில் நுண்துகள் படலமாகப் படிகிறது. படலம் தெளிவு. அடுத்த மாதம் இங்கே பன்னிரண்டு பேர் குடிவருகிறார்கள்.

நாள் 219, காலை 9.40
படலத்தில் நீலம் பாய்ந்திருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால்தான் இப்படி ஆகும். லேசர் கலனுக்கும் என் மூக்குக்கும் ஆக்சிஜன் வருவது ஒரே குழாயில். சுவரிலுள்ள ஆக்சிஜன் அளவியோ முழு அளவு காட்டுகிறது. பூமியிலுள்ள தரை நிலையத்துக்குச் சொன்னேன். தணிகாசலம், இருபது வருடம் என்னோடு ஒரே மேசையில் இருந்தவன், சிரித்தான்: "அளவியை விட்டுட்டுக் கண்ணாடியை நம்புறீங்களே அண்ணே. வில்லையை மாத்திப் பாருங்க."

நாள் 221, காலை 11.00
வில்லை புதிது. லென்ஸைத் துடைத்தாயிற்று. படலம் கறுப்பு.

நாள் 223, பிற்பகல் 2.15
காற்றை அளக்கும் உணரியிலிருந்து அளவிக்கு வரும் கம்பியைப் பிடுங்கினேன். எண் மாறவில்லை.
அந்த எண் தரையிலிருந்து வருகிறது. அதை அனுப்புவது தணிகாசலத்தின் மேசை.

நாள் 224, காலை 8.30
கேட்டேன். மறுக்கவில்லை. ஆக்சிஜன் இயந்திரம் தேய்ந்துவிட்டதாம். வெளியே தெரிந்தால் குடியேற்றம் நின்றுபோகுமாம். அடுத்து அவன் சொன்னது, சொல் மாறாமல்: "படலம்தான் பிழைன்னு ஒரு கையெழுத்து போடுங்கண்ணே, உங்களைக் கூட்டிவர நாளைக்கே விண்கலம் அனுப்புறேன். போடாட்டி அனுப்ப முடியாது. பத்தாவது தாண்டாத ஆள் சொல்றதை எவன் கேக்கப் போறான்?"
போடவில்லை. என் படலத்தில் பிழை இல்லை. நான் போட்டால் அந்தப் பன்னிரண்டு பேரும் பொய் எண்ணை நம்பி மூச்சு விடுவார்கள்.

நாள் 226, நேரம் பார்க்கவில்லை
வானொலியைத் துண்டித்துவிட்டார்கள். தலை பிளக்கிறது. நகங்கள் நீலம். என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறந்து தின்றவன் அவன். ஒருநாளும் நான் கோபப்பட்டதில்லை. இப்போது கோபம்தான் என்னை உட்காரவைத்திருக்கிறது.

நாள் 227 அல்லது 228
கறுத்த கண்ணாடிகளையும் இந்தத் தாள்களையும் நுழைவறையின் உள்கதவில் ஒட்டுகிறேன். வருகிறவர்களுக்கு: சுவரிலுள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். இப்போதும் அது முழு அளவுதான் காட்டும். கையெழுத்து நான் போடவில்லை. யாராவது காட்டினால் அது என்னுடையது அல்ல.
இதைப் படிக்கும்போது தலைக்கவசம் போட்டிருக்கிறீர்களா? கழற்றிவிட்டிருந்தால் உடனே