ஆமைக்காக நூர்த்த விளக்கு

எத்தாளை,
09.02.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் காட்டுக்கரையில் ஃபோனுக்குச் சிக்னல் கிடைக்காததால், உங்கள் விடுதிக்குப் படகில் ஐஸ் ஏற்றிவரும் கில்பட் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சமையல்காரருக்குக் குடும்ப அறை தருகிறார்கள், வந்து பார், பிடித்தால் இரு என்று எழுதியவர் நீங்கள்தான். வெள்ளிக்கிழமை இருட்டினாலும் இறங்குமிடத்தில் விளக்கு எரியும் என்றீர்கள். வாப்பாவோடு வந்தேன். கரை முழுக்க இருட்டு. பாறைக்குள் படகை விடமாட்டேன் என்று கில்பட் அண்ணன் திருப்பிவிட்டார். வழியெல்லாம் வாப்பாவுக்குச் சிரிப்பு: "மருமகன் ஒன்னக் கண்டுதான் வெளக்க நூத்துட்டாரு போல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஃபஹ்மியா

12.02.2025

அன்பு ஃபஹ்மியா,

வஅலைக்கும் ஸலாம். விளக்கை நூர்த்தது நான்தான். பொழுது சாய, மஃரிபுக்கே ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் விளக்குக்கு நேரே ஓர் ஆமை மணலேறத் தொடங்கியது; உடனே அணைத்துவிட்டேன். வெளிச்சம் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். ஆமை ஏறினால் இந்தக் கரையில் ஒரு விளக்கும் எரியக்கூடாது. விருந்தாளிகளுக்கே இருட்டில்தான் பரிமாறினேன். ஒருவர் ஐஸ்கிறீமில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டார். காற்றில் உங்கள் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. விடியற்காலை சுபஹு வரை மணலில் காத்திருந்தேன்.

பன்றி கிளறாமல் முட்டைக்குழியைச் சுற்றி முள் அடைத்திருக்கிறேன். நோன்புப் பெருநாளையொட்டிக் குஞ்சு வரும்.

முபாரிஸ்

எத்தாளை,
16.02.2025

மச்சான்,

ஆமை திரும்பக்கூடாது, பெண்டாட்டி திரும்பலாம்! வாப்பா தினமும் "ஒன் சக்களத்தி ஆமை சொகமா?" என்று கேட்கிறார்.

மீன்குழம்பு ஊற்றியவர் என்ன சொன்னார்?

ஃபஹ்மியா

22.03.2025

அன்பு ஃபஹ்மியா,

இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நோன்பு திறக்கும் நேரம் டொல்பின்கள் கூட்டமாகக் கடக்கின்றன. காலையில் மணலெங்கும் மான் குளம்பு. ஒரு மயில் சமையல் குசினி வாசலில் நின்று பாண் துண்டு கேட்கிறது. அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்; அது முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. ஆனால் விளக்கு நூராது என்று மட்டும் என்னால் வாக்குத் தரமுடியாது. உனக்கு இது சரிவராவிட்டால் சொல். பெருநாளோடு வேலையை விட்டு வருகிறேன்.

முபாரிஸ்

எத்தாளை,
27.03.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வேலையை விடவேண்டாம். பெருநாளுக்கு மறுநாள் வட்டிலப்பத்தோடு வருகிறோம். பகலிலேயே வரப்பார்க்கிறோம். பொழுதுபட்டு, குஞ்சுகளும் இறங்கினால் விளக்கு ஏற்றாதீர்கள். கரையில் நின்று சத்தமாக ஸலாம் சொல்லுங்கள்; குரலைப் பிடித்துப் படகை விடுவதாகக் கில்பட் அண்ணன் சொல்கிறார். எல்லாக் குஞ்சும் கடலுக்குப் போகும்வரை படகிலேயே இருப்பேன்.

சும்மா பார்க்கத்தான் போகிறேன் என்று வாப்பாவிடம் சொல்லியிருந்தேன். படகில் ஏற்றக் கட்டிவைத்ததைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பாக்கப் போற புள்ளைக்குத் தையல் மெசின் என்னத்துக்கு மகள்?"

உங்கள்
ஃபஹ்மியா