வால்வுச் சாவி

என் ஜெயந்திக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இரண்டாவது மழை சரியாகப் பெய்யவில்லை. மர்பி டவுனில் நம் சந்துக்கு இருப்பது அந்த ஒரே போர்வெல். இப்போது காலையில் ஒரு மணி நேரம்தான் அதில் தண்ணீர் ஏறுகிறது. அதை வைத்து இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

போர்வெல் போட்ட காண்ட்ராக்டர் பெரியவர் வைத்ததுதான் முதலில் இங்கே சட்டம். அவருக்குக் கோபம் வந்தால் நம் வீட்டுக் குழாயில் வெறும் காற்றுதான் வரும். போர்வெல் ஒருமுறை வற்றி, அதை ஆழப்படுத்த எல்லோருடைய உதவியும் அவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் நீ வீடு வீடாகப் போய்ச் சங்கம் சேர்த்தாய். விதி நோட்டு எழுதினாய். அவரையே தலைவராக உட்காரவைத்து, வீடுகளுக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுச் சாவியை மட்டும் சங்கத்துக்கு வாங்கினாய்.

"இங்கிலாந்து ராஜா மாதிரிண்ணா. மாலை அவருக்கு, சாவி நமக்கு" என்று சிரித்தாய்.

அவர் இறந்ததும் மகன் வந்து அந்த நாற்காலி தன்னுடையது என்றார். "பொறப்பால வர்ற நாற்காலி இதோட போதும் சார். இனிமே தலைவரையும் ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கணும்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாய்.

"அப்ப நம்ம சந்தும் குடியரசு ஆயிடுச்சு, இனி பயமில்ல" என்றேன் நான். நீ சிரிக்கவில்லை.

"குடியரசுன்னா ராஜா இல்லன்னு மட்டும்தான் அர்த்தம்ணா. ராஜா இருக்கிற நாட்லயும் ஜனங்க பேச்சு எடுபடுது. ராஜாவே இல்லாத நாட்ல ஜனங்க வாயத் தொறக்க முடியாம கெடக்குறாங்க. ஓட்டு மட்டும் இருந்தாப் போதாது. நோட்டுல சிலத யாரும் தொட முடியாதபடி வெக்கணும்."

அன்றைக்கு நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது தலைவர் பிரகாஷ், அந்தப் பெரியவரின் பேரன். முதல் தடவை ஓட்டில் ஜெயித்துத்தான் வந்தான். மரியாதை தெரிந்தவன். உன் பாடையைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். போன வருஷத் தேர்தலில் அவனை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அது ஏன் எங்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை?

மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறன்று கூட்டம் போட்டான். ராய்ச்சூரிலிருந்து பிழைக்க வந்து சந்துக் கடைசியில் வாடகைக்கு இருக்கும் மூன்று குடும்பங்களுக்குத் தண்ணீரை நிறுத்தினால் மற்றவர்களுக்குப் போதும் என்றான். 'எந்த வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்தக் கூடாது, சங்கமே முடிவு செய்தாலும்' என்று நீ எழுதியிருந்த விதியை அவனே வாசித்தான்.

"ஜெயந்தி அக்கா நல்ல மனசுல எழுதுனாங்க. ஆனா மெஜாரிட்டி என்ன சொல்லுதோ அதானே டெமாக்ரஸி? இந்த விதிய எடுத்துடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

வாடகைக்கு இருப்பதால் சங்கத்தில் ஓட்டு இல்லாத அந்தக் குடும்பங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தன. அவர்களில் சாந்தம்மா, "நாவு எல்லிகே ஹோகோது?" என்று கன்னடத்தில் கேட்டாள். எங்கே போவோம் என்றுதான் கேட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் எழுந்தன.

நானும் தூக்கினேன், ஜெயந்தி. உன் மகள் கைக்குழந்தையோடு என் வீட்டில்தான் இருக்கிறாள், அவளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நினைத்தேன். அது காரணமா, சாக்கா?

எதிர்வீட்டு ஃபிலோமினா மட்டும் கை தூக்கவில்லை. "இன்னைக்கு அவங்க. நாளைக்கு யாரு பிரகாஷு?" என்றாள்.

"உக்காருங்க ஆன்ட்டி" என்றான், சிரித்துக்கொண்டே. தண்ணீர்ப் பிரச்சினை தீரும்வரை தேர்தல் வேண்டாம் என்று அடுத்ததாகக் கேட்டான். இந்த முறை கைகள் இன்னும் சீக்கிரம் எழுந்தன. வால்வுச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை பிளம்பர் வந்து மூன்று குழாய்களை அடைத்தான். வெள்ளிக்கிழமை சாந்தம்மா வீட்டுச் சாமான் ஒரு கூட்ஸ் ஆட்டோவில் ஏறியது. ஊருக்கு வெளியே ஹெப்பகோடிப் பக்கம் போகிறார்களாம். அடுத்த வாரம் ஃபிலோமினா வீட்டுக் குழாயும் நின்றது. "பைப்ல ரிப்பேர்" என்றான் பிரகாஷ். என்ன ரிப்பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது சிலர் அவனைச் சின்ன முதலாளி என்கிறார்கள். அவன் வேண்டாம் என்று சொல்வதில்லை.

ஃபிலோமினாவுக்கு நான் தினமும் இரண்டு குடம் கொண்டுபோய் வைக்கிறேன். நேற்று பிளம்பர் நம் வீட்டு வாசலில் நின்று குழாயைக் குனிந்து பார்த்தான். "என்னப்பா?" என்றேன். "சும்மா பாக்கச் சொன்னாருண்ணா" என்றான். என் கண்ணைப் பார்க்காமலே போய்விட்டான்.

வரும் ஞாயிறு மறுபடி கூட்டம். உன் விதியைத் திரும்ப நோட்டில் எழுத வேண்டும், தேர்தல் வைக்க வேண்டும் என்று எழுந்து கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இரண்டு கைக்கு மேல் எழாது என்பதும் தெரியும். வீட்டில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் சனிக்கிழமையே நிரப்பி வைக்கும்படி உன் மகளிடம் சொல்லிவிட்டேன்.

உன்னோடு பிறந்தவன்,
தேவராஜ் அண்ணன்